மன்னிக்கிற வில்: ஒரு சில்லின் வரலாறு

வில்லுக்காரர்களிடம் ஒரு சொல் புழங்குகிறது. ஒரு வில்லைக் கையில் எடுத்து, நாலைந்து அம்பு விட்டுப் பார்த்துவிட்டு, "இது மன்னிக்கிற வில்" எண்டு சொல்லுவினம். பிடித்த கை கொஞ்சம் முறுகினாலும், விடுகிற நேரம் தோள் சற்றுத் தளர்ந்தாலும், அம்பு குறியை விட்டுக் கனதூரம் விலகாது என்பதுதான் அதன் அர்த்தம். மன்னிக்காத வில்லில் அதே பிழைக்கு அம்பு இரண்டு வளையம் வெளியே போய்க் குத்தும்.

புதிதாகக் கொம்பவுண்ட் வில் வாங்கப் போகிற எவருக்கும் கிடைக்கிற முதல் புத்திமதி இதுதான்: மன்னிக்கிற வில்லாகப் பார்த்து எடு. நல்ல புத்திமதிதான். ஆனால் கடையில் போய் நிண்டால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். செக்கனுக்கு எத்தனை அடி என்ற ஒரு எண். மன்னிப்புக்கு எண் கிடையாது, அளக்க ஒரு அலகும் கிடையாது. ஒரே சில்லிலிருந்து பிறந்த இரண்டு குணங்களில் ஒன்றுக்கு மட்டும் எண் கிடைத்தது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கொம்பவுண்ட் வில்லை நேரில் காணாதவர்களும் படத்தில் கண்டிருப்பீர்கள். 1985 இல் வந்த இரண்டாவது ரம்போ படத்தில் சில்வஸ்டர் ஸ்டலோன் வைத்திருந்தது அதுதான். இரண்டு நுனியிலும் சில்லு, நாணுக்குப் பின்னால் குறுக்கும் மறுக்குமாக வடங்கள். பார்த்தால் வில்லை விடச் சைக்கிள் பட்டறைச் சாமான் மாதிரித்தான் இருக்கும்.

அதுக்கு முந்தின வில் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருந்தது. இழுக்க இழுக்கப் பாரம் கூடும். ஆங்கிலேயரின் நெடுவில்லோ, துருக்கியரின் கொம்பு வில்லோ, இன்றைக்கு ஒலிம்பிக்கில் காண்கிற ரிகேர்வ் வில்லோ, விதி ஒன்றுதான். 40 இறாத்தல் வில்லை முழுக்க இழுத்தால் அந்த 40 இறாத்தலும் உங்கள் மூன்று விரலில் நிற்கும். கண் நிதானமாகக் குறி பார்க்க வேண்டிய அதே நேரத்தில்தான் உடம்பில் அதிகப் பாரம். ஆகவே வில்வித்தை என்பது பாதி, பாரத்தைத் தாங்கிக்கொண்டு நடுங்காமல் நிற்கிற வித்தையாகவே இருந்தது. தாங்க ஏலாத உடம்புக்கு அதில் இடமில்லை.

இந்த விதியை உடைத்தவர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன். அந்தாள் ஒரு ரிகேர்வ் வில்லின் இரண்டு நுனியையும் வாளால் வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கப்பிகளைப் பூட்டினார். 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பரில் கிடைத்தது.

அவருடைய தந்திரம் கப்பி மட்டுமில்லை, கப்பியின் அச்சை நடுவிலிருந்து விலக்கியதில்தான் விஷயம் இருக்கு. எங்கட ஊர்க் கிணத்துத் துலாவை நினைத்துப் பாருங்கோ. ஆடுகாலை ஒரு முழம் முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நட்டால் இழுக்கிற பாரமே மாறிவிடும். அலனுடைய சில்லில், நாணை இழுக்க இழுக்க அந்த ஆடுகால் தானாக நகருகிறது எண்டு வைத்துக்கொள்ளுங்கோ. தொடக்கத்தில் இழுக்கிறவருக்குக் கட்டைப் பக்கம். பாரம் சடாரென ஏறும். நடுவில் அப்படியே நிற்கும். கடைசியில் சில்லு புரண்டு நீளப் பக்கம் அவர் பக்கம் வரும், பாரம் இறங்கிவிடும். இந்த இறக்கத்தை வில்லுக்காரர்கள் லெட் ஓஃப் என்கிறார்கள், நாங்கள் இங்கே தளர்வு எண்டு எழுதுகிறோம். ஆரம்பத்தில் தளர்வு குறைவாக இருந்தது. பிறகு 50 வீதம், 65 வீதம் எண்டு ஏறி இப்ப 80, 85 வீதம் சாதாரணம். 60 இறாத்தல் வில்லில் 65 வீதத் தளர்வு எண்டால் குறி பார்க்கும்போது கையில் நிற்பது 21 இறாத்தல். 80 வீதம் எண்டால் வெறும் 12.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேணும். அலனின் காப்புரிமைத் தலைப்பே விசையைப் பெருக்குகிற இணைப்புகள் பற்றித்தான் பேசுகிறது. நடுவில் பாரம் குறையாமல் நீளத்துக்கு நிற்பதால் வில்லில் சேருகிற சக்தி கூட. அம்பு வேகமாகப் போகும். கடைசியில் பாரம் இறங்குவதால் குறி பார்க்க ஆறுதல். வேகமும் ஆறுதலும் ஒரே சில்லின் இரண்டு பிள்ளைகள். பிறந்த நாளிலிருந்து இந்த இரண்டு பிள்ளைகளும் சண்டைதான்.

அலனிடம் அனுமதி வாங்கி முதலில் பெருமளவில் செய்து விற்றவர் கலிஃபோர்னியாவின் ரொம் ஜெனிங்ஸ். 1970கள் முடிவதற்குள் அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் கொம்பவுண்ட் பரவிவிட்டது. அலன் 1979 இல் காலமானார். ஆனால் வில்லுக்காரர்களில் ஒரு பகுதிக்கு இது வயிற்றெரிச்சல். "இது வில்லே இல்லை, மெஷின்" என்பது அவர்களின் வாதம்.

இந்தச் சண்டையில் முன்னுக்கு நின்ற அமைப்புகளில் ஒன்று போப் அண்ட் யங் கிளப். வில்லால் வேட்டையாடியவர்களின் பதிவேட்டை வைத்திருக்கிற அமைப்பு, 1961 இல் தொடங்கியது. தளர்வு 65 வீதத்துக்கு மேல் இருந்தால் அந்த வில்லால் விழுத்திய விலங்கைப் பதிவேட்டில் ஏற்கமாட்டோம் எண்டு நெடுங்காலம் விதி வைத்திருந்தார்கள். பிறகு ஏற்றார்கள், பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு. 'இவர் வென்றவர்தான், ஆனால் வில் உதவி செய்தது' எண்டு சொல்லாமல் சொல்கிற குறி.

அந்தக் கிளப்பின் பெயரில் இருக்கிற போப் யார் என்பதைச் சொல்லாமல் இதைக் கடக்க எங்களுக்கு மனமில்லை. சக்ஸ்ரன் போப் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். அவருக்கு வில்வித்தை சொல்லிக் கொடுத்தவர் இஷி. யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர். வெள்ளைக் குடியேறிகளின் படுகொலைகளில் அந்த மக்கள் அழிந்து போக, எஞ்சியவர்களோடு மலைக்குள் பல தசாப்தம் ஒளிந்திருந்து, எல்லாரும் போனபிறகு 1911 இல் ஓரோவில் என்ற ஊருக்குத் தனியாக இறங்கி வந்தவர். இஷி என்பது அவருடைய பெயர்கூட இல்லை. அவருடைய மொழியில் 'மனிதன்' என்ற பொருளுள்ள சொல். தன் பெயரை அவர் சொல்லவேயில்லை. பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்து, 1916 இல் காசநோயால் இறந்தார். அந்த ஐந்து வருடத்துக்குள் போப் அவரிடம் வில் செய்யவும் அம்பு சீவவும் எய்யவும் படித்தார். 1923 இல் போப் எழுதிய வேட்டைப் புத்தகம்தான் அமெரிக்காவில் வில் வேட்டையைத் திரும்ப உயிர்ப்பித்ததாகச் சொல்லுவார்கள்.

ஆகவே 'உண்மையான வில்' எது என்ற வாதத்தைக் கேட்கும்போது எங்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. ஆருடைய உண்மை? இஷியின் கையில் இருந்தது மூன்றரை அடி அளவிலான சிறிய வில். அதுக்குப் பிறகு அவருடைய மாணவர்கள் எடுத்தது ஆங்கிலேய நெடுவில். பிறகு கண்ணாடி இழை ஒட்டிய ரிகேர்வ். பிறகு அலுமினிய அம்பு. இவ்வளவையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டவர்கள் சில்லு வந்ததும் 'மரபு' எண்டு கத்தினார்கள். அதேநேரம் அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை எண்டும் சொல்ல ஏலாது. பாரத்தைத் தாங்குகிற திறமை ஒரு திறமைதான். அது இயந்திரத்துக்குக் கைமாறியது நடந்த விஷயம். ஆனால் கைமாறியபிறகு மிச்சம் என்ன இருக்கு என்பதைப் பார்க்க அவர்கள் பொறுமையாக நிற்கவில்லை.

வேட்டைக்காரர் ஏற்றுக்கொண்டபிறகு நடந்ததுதான் வேகப் போட்டி. வேகத்தை ஒப்பிட ஒரு பொது அளவு வந்தது: 70 இறாத்தல் இழுவிசை, 30 அங்குல இழுவை நீளம், 350 கிரெயின் அம்பு, அதாவது கிட்டத்தட்ட 23 கிராம். இந்த நிபந்தனையில் எந்த வில் கூட வேகம் காட்டுதோ அது பேப்பரில் வென்ற வில். 300 அடியைத் தாண்டியது, பிறகு 340, 350.

30 அங்குல இழுவை ஆருக்குப் பொருந்தும் எண்டு ஒருக்கா கணக்குப் பார்த்தோம். கை இரண்டையும் விரித்து அளந்து 2.5 ஆல் வகுத்தால் ஒருவரின் இழுவை நீளம் ஏறக்குறைய வரும். 30 வரவேணுமெண்டால் விரித்த கை 75 அங்குலம் இருக்க வேணும். அப்படியெண்டால் ஆள் ஆறடி மூன்றங்குலம்! ஐந்தடி நாலங்குல ஒரு பெண்ணுக்கு வருவது இருபத்தைந்தரை அங்குலம் அளவில். இழுவை ஓரங்குலம் குறைய வேகம் சுமார் 10 அடி குறையும் என்பது வில்லுக்காரர்களின் கைக்கணக்கு. 70 இறாத்தலுக்குப் பதில் 45 வைத்தால் இன்னும் குறையும். விளம்பரத்தில் இருக்கிற எண் ஒரு உயரமான, பலமான ஆம்பிளையின் எண். மற்ற எல்லாரும் தங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத வேகத்துக்குக் காசு கட்டுகிறார்கள்.

காசை விடு, அந்த வேகத்துக்காக வில்லில் செய்த மாற்றங்களையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். பிடிக்கும் நாணுக்கும் இடையில் இருக்கிற இடைவெளியைக் குறைத்தார்கள். பிரேஸ் ஹைட் என்பது அதுதான். 7, 8 அங்குலம் இருந்தது 6க்கும் அதுக்குக் கீழேயும் வந்தது. அப்ப நாண் அம்பைத் தள்ளுகிற தூரம் கூடும், வேகம் கூடும். பிடியே நாண் பக்கம் உள்வாங்கினபடி நடுச்சட்டத்தைச் செய்தார்கள். காட்டுக்குள் கொண்டு திரிய வசதி எண்டு நீளத்தைக் குறைத்தார்கள். 40 அங்குலத்துக்கு மேலே இருந்த அச்சுக்கு அச்சு நீளம் 30க்குக் கிட்ட வந்தது. சில்லை வட்டத்திலிருந்து கூர்ப்பான கோணல் வடிவத்துக்கு மாற்றினார்கள். பாரம் கல்லுமாதிரி ஏறி, பள்ளத்தில் விழுகிறமாதிரி இறங்கும். முழு இழுவையில் நிற்கும்போது கொஞ்சம் அயர்ந்தால் நாண் கையைப் பறித்துக்கொண்டு முன்னுக்குப் பாயும்.

இந்த மாற்றம் ஒவ்வொன்றும் மன்னிப்பிலிருந்து வெட்டி எடுத்தது.

ஏன் எண்டு கேட்டால் வழக்கமாகச் சொல்கிற விளக்கம் ஒன்று இருக்கு. பிரேஸ் ஹைட் குறைந்தால் அம்பு நாணில் கூட நேரம் இருக்கும், அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் பிழை ஏறும் எண்டு. எங்களுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. செக்கனுக்கு 300 அடி எண்டால் 91 மீற்றர் அளவு. அந்த வேகத்தில் ஓரங்குலத்தைக் கடக்க எடுப்பது ஒரு மில்லிசெக்கனின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் மனிதக் கை என்னத்தைச் செய்யும்? பெரிய காரணம் முறுக்கில் இருக்கிறது எண்டு நினைக்கிறோம். உள்வாங்கின பிடியும் கோணல் சில்லும் உள்ள வில், உள்ளங்கை ஒரு பக்கம் அழுத்தினால் உடனே திரும்பும். குறுகிய வில்லுக்குச் சடத்துவமும் குறைவு, ஆகவே இலகுவாகச் சாயும். நீள வில், கயிற்றில் நடக்கிறவர் கையில் பிடிக்கிற நீளக் கம்பு மாதிரி, ஆடினாலும் மெதுவாக ஆடும். அத்தோடு குறுகிய வில்லை முழுக்க இழுத்தால் நாண் முகத்துக்கு முன்னால் கூர்க்கோணத்தில் மடியும். மூக்கு நுனியில் நாண் தொடுகிற அந்த ஒரே அடையாளம் ஒவ்வொரு தரமும் அதே இடத்தில் வராது.

இன்னொரு தொல்லை இரண்டு சில்லு ஒத்துப் போகாதது. வடம் ஒன்று கொஞ்சம் நீண்டால் மேல் சில்லு முந்தும், கீழ்ச் சில்லு பிந்தும், அம்பின் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டு போகும். 1992 இல் மற் மக்பேர்சன் இதுக்கு ஒரு வழி கண்டார்: ஒரு நுனியில் மட்டும் கோணல் சில்லு, மற்ற நுனியில் சும்மா உருளுகிற வட்டச் சில்லு. ஒத்துப் போக இரண்டு இல்லையெண்டால் ஒத்துப் போகாத பிரச்சினையும் இல்லை. அவர் தொடங்கின கொம்பனி மத்தியூஸ் (அஞ்சலோவோடு சம்பந்தம் இல்லை). அலனுக்குப் பிறகு மன்னிப்பின் பக்கம் வைத்த பெரிய அடி இது எண்டு நாங்கள் கருதுகிறோம். வேகத்துக்குப் பேர்போன அதே கடைக்காரர்களிடமிருந்து வந்தது என்பது வேறை கதை.

அதே மக்பேர்சனின் இன்னொரு வில்தான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பெயர் ஜெனிசிஸ். சில்லு இருக்கு, வடம் இருக்கு, ஆனால் தளர்வு கிடையாது! முதலில் கேட்டால் கிறுக்கு மாதிரி இருக்கும், தளர்வுக்காகத்தானே சில்லே வந்தது. விஷயம் இதுதான். தளர்வுள்ள வில்லில் பாரம் இறங்குகிற இடம் ஒருவரின் கை நீளத்துக்குப் பொருத்தி வைத்தது, மற்றவருக்குப் பொருந்தாது. தளர்வை எடுத்துவிட்டால் அந்த இடமே இல்லை. 15 அங்குலத்திலிருந்து 30 அங்குலம் வரை எவரும் இழுக்கலாம். பாரம் 10 முதல் 20 இறாத்தல், கடைசி வரை ஒரே சீர். ஒரு வகுப்பில் முப்பது பிள்ளை இருந்தால், குட்டைப் பிள்ளையும் நெட்டைப் பிள்ளையும் அதே வில்லை மாறிமாறி எய்யலாம். 2002 இல் கென்ரக்கி மாநிலத்தில் 21 பாடசாலைகளில் தொடங்கின வில்வித்தைத் திட்டம் இந்த வில்லைத்தான் எடுத்தது. பிறகு அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதன் அளவைப் பாருங்கோ: அச்சுக்கு அச்சு முப்பத்தைந்தரை அங்குலம், பிரேஸ் ஹைட் ஏழரைக்கும் கொஞ்சம் மேலே. நீளம், இடைவெளி, மிதமான பாரம். வேகப் போட்டி தூக்கி எறிந்த அத்தனையும் பிள்ளைகளின் வில்லில் திரும்பி வந்திருக்கு.

இப்ப எங்களில் ஒருவர் வில் வாங்கப் போகிறார் எண்டால் விளம்பர எண்ணைக் கையால் மறைத்துவிட்டு ஒரு அளவு நாடாவை எடுக்கச் சொல்லுவோம். 7 அங்குலமும் அதுக்கு மேலேயும் பிரேஸ் ஹைட், 33 அங்குலத்துக்குக் குறையாத நீளம். வேட்டை நோக்கமில்லாமல் குறிக்கு மட்டும் எய்கிறவர் 36க்கு மேலே போகலாம். தளர்வு எவ்வளவு கூடவோ அவ்வளவு நல்லது எண்டு நம்பவும் தேவையில்லை. கையில் பாரமே இல்லாவிட்டால் வில் காற்றில் மிதக்கிறமாதிரி அலையும். போட்டியாளர்கள் பலர் வேண்டுமெண்டே கொஞ்சம் பாரம் வைத்துக்கொள்வார்கள். இழுவை நீளம் கூடிப்போனால் மட்டும் எந்த வில்லும் மன்னிக்காது. தொடக்ககாரருக்கு அதிகம் நடக்கிற பிழையும் அதுதான், கடைக்காரர் கையிலிருந்த வில்லை அப்படியே தள்ளிவிடும்போது. அரை அங்குலம் குறைவாக இருப்பது பரவாயில்லை. உட்கார்ந்தபடி ஆட்டாமல் நேராக இழுக்க முடியாத பாரத்தை வாங்கவே வேண்டாம்.

விளையாட்டு அமைப்புகளின் கதவு மெல்லத்தான் திறந்தது. உலக வில்வித்தைச் சம்பியன்சிப்பில் 1995 இல் ஜகார்த்தாவில் கொம்பவுண்டுக்கு இடம் கிடைத்தது. ஆசிய விளையாட்டில் 2014. அந்த வாசலால் உள்ளே வந்து 2023 இல் இந்தியாவின் அதிதி சுவாமி 17 வயதில் உலகச் சம்பியன் ஆனார். அதே வருடம் ஹாங்சோவில் கொம்பவுண்டின் ஐந்து தங்கத்தையும் இந்தியா எடுத்தது. ஒலிம்பிக்கில் இன்னும் இல்லை. 2028 லொஸ் ஏஞ்சல்ஸில் கலப்பு அணிப் போட்டி ஒன்று மட்டும் சேர்த்திருக்கிறார்கள். அலன் விண்ணப்பம் போட்டு 62 வருடம்!

ஒலிம்பிக் கதவடைத்திருந்த காலத்தில் பராலிம்பிக் திறந்து விட்டது. சீதல் தேவி காலால் எய்கிற வீடியோவைக் கனபேர் பகிர்ந்திருந்தீர்கள். ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்துப் பிள்ளை, பிறக்கும்போதே கை இரண்டும் இல்லை. வலது காலால் வில்லைப் பிடித்து, தோளில் பூட்டிய கருவியால் நாணை இழுத்து, தாடையால் விடுவிக்கிறார். 2024 பாரிஸில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம். அவருக்கு முன்னோடி அமெரிக்காவின் மற் ஸ்டட்ஸ்மன், அவருக்கும் கை இல்லை. 2012 லண்டனில் வெள்ளி எடுத்தவர். 'சில்லு உதவி செய்யுது' எண்டு நட்சத்திரக் குறி போட்டவர்கள் இந்த இரண்டு பேரையும் என்ன செய்வார்கள் எண்டு கேட்க ஆசை.

இன்னொன்றும் இருக்கு, வெளியில் நிண்டு பார்ப்பவர்கள் கவனிக்காதது. வில் மன்னிக்குது எண்டு கண்டதும் போட்டி விதி இறுக்கிக் கொண்டது. ரிகேர்வ்காரருக்கு 70 மீற்றரில் பத்துப் புள்ளி வளையம் 12.2 சென்ரிமீற்றர். கொம்பவுண்டுக்கு 50 மீற்றரில் 8 சென்ரிமீற்றர். மண்டபத்துக்குள் 18 மீற்றரில் ரிகேர்வுக்கு 4, கொம்பவுண்டுக்கு 2. தனியாள் மோதலில் ரிகேர்வ்காரர் செற் செற்றாக ஆடுகிறார். ஒரு அம்பு கெட்டுப்போனால் அந்தச் செற்றோடு போய்விடும், அடுத்ததில் புதுக் கணக்கு. கொம்பவுண்டில் 15 அம்பின் புள்ளியையும் கூட்டிக்கொண்டே போவார்கள். முதல் அம்பில் விட்ட புள்ளி கடைசி அம்பு வரை கூட வரும்.

2024 பாரிஸ் இறுதிப் போட்டியில் ஸ்டட்ஸ்மன் தங்கம் வென்றார். 150க்கு 149. எதிரே ஆடிய சீன வீரர் எடுத்தது 147.